பாதி வேரைக் காட்டும் பட்டியல்கள்

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்ள விரும்புவோர்க்கென நம் புத்தகக் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும் நூல்களுக்குக் கணக்கில்லை. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே மருந்தையே வெவ்வேறு குப்பிகளில் அடைத்துத் தருகின்றன. இலத்தீன் வேர்ச்சொற்கள் இத்தனை, கிரேக்க வேர்ச்சொற்கள் இத்தனை. இவற்றை மனனம் செய்துவிட்டால் ஆயிரமாயிரம் ஆங்கிலச் சொற்களின் பொருள் தாமே விளங்கிவிடும் என்பது அந்நூல்கள் தரும் வாக்குறுதி. போட்டித் தேர்வுகளுக்குப் பயிற்சியளிக்கும் நிலையங்கள் இப்பட்டியலை அச்சிட்டு வழங்குகின்றன. இன்று அது கைப்பேசிக்கும் வந்து சேர்கிறது. 'ஸ்பெக்ட்' என்றால் பார், 'போர்ட்' என்றால் சும, 'டிக்ட்' என்றால் சொல், 'கிராஃப்' என்றால் எழுது என்று இரு பத்திகளாகப் பிரித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு நம் மாணவர் விடியற்காலையில் உருப்போடுகின்றனர்.

வேர்ச்சொல் அறிவு வேண்டாமென்று நாம் கூற வரவில்லை. வேண்டும், மிகவும் வேண்டும். இப்பட்டியல்கள் அவ்வறிவைத் தருவதில்லை என்பதே நம் வாதம். அவை வேரின் ஒரு பாதியைத் தோண்டிக் காட்டி, மறு பாதியை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுகின்றன. அதனால் நம் பிள்ளைகளுக்கு நேரும் நட்டம் இரண்டு: ஒன்று மொழியறிவில், மற்றொன்று வரலாற்றறிவில்.

வேலியும் திறவுகோலும்

ஆங்கிலம் இரு தளங்கள் கொண்ட வீடு. தண்ணீர், வீடு, தாய், உண், உறங்கு போன்ற அன்றாடச் சொற்கள் அதன் கீழ்த்தளத்தில் உள்ளன. அவை ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்த பழைய ஆங்கிலச் சொற்கள். 1066இல் நார்மன் படையெடுப்பு நிகழ்ந்தபின் பிரெஞ்சு மொழியின் வழியாகவும், 16, 17ஆம் நூற்றாண்டுகளில் கற்றோர் எழுதுகோலின் வழியாக நேராகவும் வந்து குவிந்த இலத்தீன், கிரேக்கச் சொற்கள் மேல்தளத்தை நிறைத்தன. ஆகவே சாதாரணப் பேச்சில் 'ஐ' எனப்படும் கண், மருத்துவமனை வாசலில் 'ஆஃப்தால்மிக்' ஆகிவிடுகிறது. 'டூத்' எனப்படும் பல் 'டென்டல்' ஆகிறது. 'மூன்' எனப்படும் நிலவு 'லூனார்' ஆகிறது. தமிழில் கண்ணுக்குரிய மருத்துவர் கண் மருத்துவர். பல்லுக்குரியவர் பல் மருத்துவர். எழுத்தறியாத பாட்டியும் அதைக் கேட்ட மாத்திரத்தில் புரிந்துகொள்வார். ஆங்கிலேயக் குழந்தைக்கோ தன் தாய்மொழியிலேயே ஓர் அயல்மொழியைக் கற்க வேண்டிய நிலை.

இது இன்று கண்டுபிடிக்கப்பட்ட குறையன்று. 1557இல் மறைந்த சர் ஜான் சீக் எனும் கேம்பிரிட்ஜ் பேராசிரியர், கிரேக்கத்தில் கரைகண்டவராயிருந்தும், ஆங்கிலம் கடன்படாது வாழ வேண்டுமென வாதிட்டார். வேதாகமத்தை மொழிபெயர்க்கையில் இலத்தீன் சொற்களுக்கு மாற்றாகப் பழைய ஆங்கில உறுப்புகளைக் கொண்டே புதுச்சொற்களைப் படைத்துக் காட்டினார். 19ஆம் நூற்றாண்டில் டார்செட் வட்டாரத்துக் கவிஞர் வில்லியம் பார்ன்ஸ், 'கிராமர்' என்பதற்குப் பதில் 'ஸ்பீச்கிராஃப்ட்' என்று எழுதினார். இருவரும் தோற்றனர். வென்றது மேல்தளமே. அதன் விளைவு என்ன? 1604இல் ராபர்ட் காட்ரி வெளியிட்ட நூலே ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறிய முதல் அகராதி எனப்படுகிறது. ஏறத்தாழ 2,500 சொற்கள் கொண்ட அந்நூல், எல்லாச் சொற்களுக்கும் பொருள் கூற எழுந்ததன்று. அயல்மொழிகளிலிருந்து வந்த கடினச் சொற்களுக்கு மட்டும் எழுந்தது. பெண்களுக்கும் கல்வித் தேர்ச்சியில்லாத பிறருக்கும் உதவுவதே தன் நோக்கமென அதன் முகப்பு கூறிற்று. அதாவது இலத்தீன் பள்ளிக்குள் நுழைய வாய்ப்பற்றோர் தம் சொந்த மொழியில் எழுதப்பட்ட நூலையே படிக்கவியலாது தவித்தனர் என்பதற்கு அவ்வகராதி நின்று சாட்சி சொல்கிறது.

டேவிட் கார்ஸன் எனும் கல்வியாளர் 1985இல் வெளியிட்ட நூலில் இதனைச் சொல் தடுப்பு என்னும் கருத்தால் விளக்கினார். பள்ளிக்கல்வி கோரும் கிரேக்க, இலத்தீன் சொற்கள் உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகளின் வீட்டில் புழங்காதவை. எனவே அறிவில் குறைவில்லாத பிள்ளையும் சொல்லில் இடறி விழுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். இங்கிலாந்தில் பிறந்த பிள்ளைக்கே இந்நிலையென்றால், வீட்டில் ஆங்கிலத்தின் வாடையே இல்லாத நம் பிள்ளைக்கு? அது இரண்டு வேலிகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது. அந்த வேலிக்குத் திறவுகோல் வேர்ச்சொல்லறிவே என்பதில் ஐயமில்லை. அதனாலன்றோ போலித் திறவுகோல் விற்பவரைக் கண்டு நாம் வாளாவிருக்க இயலாதவராகிறோம்!

வேர் வழிதவறச் செய்யும் இடங்கள்

பட்டியலின் முதற்குறை, அது ஒரு வடிவத்துக்கு ஒரு பொருள் என்று அறுதியிட்டுவிடுவது. ரோமன் எழுத்தில் ஒரே தோற்றமுடைய 'பெட்' என்பதை எடுத்துக்கொள்வோம். பாதசாரியைக் குறிக்கும் 'பெடஸ்ட்ரியன்' என்பதில் அது இலத்தீன், பொருள் கால். குழந்தை மருத்துவத்தைக் குறிக்கும் 'பீடியாட்ரிக்ஸ்' என்பதிலும், கற்பிக்கும் கலையைக் குறிக்கும் 'பெடகாஜி' என்பதிலும் அது கிரேக்கம், பொருள் குழந்தை. பட்டியலை நம்பிய மாணவன் குழந்தை மருத்துவரைக் கால் மருத்துவராக்கிவிடுவான். 'ஹோமிசைட்' என்பதிலுள்ள 'ஹோமோ' இலத்தீன். மனிதன் என்று பொருள். 'ஹோமோஜீனியஸ்' என்பதிலுள்ளது கிரேக்கம். ஒரே தன்மையான என்று பொருள். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

'இன்' எனும் முன்னொட்டு இதனினும் வஞ்சகமானது. 'இன்விசிபிள்' என்பதில் அது இன்மை. 'இன்ஸ்பெக்ட்' என்பதில் அது உள்ளே. நம் சாலைகளில் எரிபொருள் ஏற்றிச் செல்லும் லாரிகளின் முதுகில் 'ஹைலி இன்ஃப்ளாமபிள்' என்று எழுதியிருப்பதை யாவரும் கண்டிருப்போம். 'இன்' என்றால் இல்லை எனப் பட்டியல் கூறுகிறதே என்று அதற்குத் தீப்பற்றாதது எனப் பொருள் கொள்பவன் கதி என்னாகும்? தீமூட்டு எனும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்த அச்சொல்லுக்கு எளிதில் தீப்பற்றுவது என்பதே பொருள். இக்குழப்பத்துக்கு அஞ்சியே 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தீத்தடுப்பு அமைப்பினர் அம்முன்னொட்டை நீக்கி 'ஃப்ளாமபிள்' என்று எழுதுமாறு வற்புறுத்தினர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரையே ஏமாற்றக்கூடிய முன்னொட்டுக்கு, ஒரு வரியில் ஒரு பொருள் எழுதி விற்பது கல்வியாகுமா?

பெயர் வைத்தவரின் பிழைகள்

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. வேரின் பொருளே சொல்லின் உண்மைப் பொருள் என்னும் மயக்கத்தைப் பட்டியல் ஊட்டுகிறது. 'எட்டிமாலஜி' எனும் சொல்லின் கிரேக்க வேருக்கே உண்மை என்றுதான் பொருள். ஆனால் வேர் நமக்குக் கூறுவது பெயர் வைத்தவர் அன்று என்ன எண்ணினார் என்பதை மட்டுமே. அவர் எண்ணியது பிழையாயின், அப்பிழையும் வேரோடு சேர்ந்து நிலைத்துவிடுகிறது.

'ஆக்ஸிஜன்' என்பதற்கு அமிலத்தைப் பிறப்பிப்பது என்பது வேர்ப்பொருள். எல்லா அமிலங்களுக்கும் அவ்வாயுவே மூலமென்று கருதி, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லவாஸியே கிரேக்கச் சொற்களைக் கூட்டி அப்பெயரை அமைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அவ்வாயு இல்லையென்பது 1810ஆம் ஆண்டளவில் ஹம்ஃப்ரி டேவியின் ஆய்வுகளால் வெளிப்பட்டது. கருத்து வீழ்ந்தது, பெயர் வீழவில்லை. நம் பாடநூல்களில் அதற்கு வழங்கிய உயிர்வளி என்னும் பெயரோ அதன் செயலைச் சரியாகவே சொல்கிறது. 'மலேரியா' என்றால் கெட்ட காற்று. 1880இல் லாவெரான் அந்நோயின் ஒட்டுண்ணியை இரத்தத்தில் கண்டார். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் அதனைக் கொசுவின் உடலில் கண்டார். காற்றின் மேல் சுமத்தப்பட்ட பழி நீங்கிவிட்டது; பெயரில் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ஆட்டம்' என்றால் பிளக்கவியலாதது; அதனுள் எலக்ட்ரான் இருப்பதை ஜே. ஜே. தாம்சன் 1897இல் காட்டிவிட்டார். 'ஹிஸ்டீரியா' என்பதன் வேர் கருப்பை. பெண்களின் மனநோயெல்லாம் கருப்பையால் விளைவது என்ற பழங்காலத்து அநீதியான எண்ணத்தின் எச்சம் அது.

இவற்றையெல்லாம் வரலாற்றோடு சொன்னால் எத்துணைச் சுவை! மனித அறிவு எப்படித் தடுமாறி, எப்படித் திருந்தி வந்ததென்பதை ஒரு சொல்லைக் கொண்டே கற்பித்துவிடலாம். பட்டியலோ 'ஆக்ஸி' என்றால் அமிலம், 'ஜன்' என்றால் பிறப்பு என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. மாணவன் பிழையைக் கற்கிறான். அது பிழை என்பதைக் கற்பதில்லை.

நாணும் ஜேபியும்

மூன்றாவது குறையே நம்மைப் பேனா எடுக்க வைத்தது. ஒரு சொல்லின் மேல் இலத்தீன் என்றோ கிரேக்கம் என்றோ முத்திரை குத்தியதும் பட்டியலின் வேலை முடிந்துவிடுகிறது. அறிவு ஏதென்ஸில் பிறந்தது, ரோமில் வளர்ந்தது, இலண்டனில் வந்து குடியேறியது என்னும் கதை சொல்லாமலே சொல்லப்பட்டுவிடுகிறது. இடையில் பாக்தாத் இல்லை, டொலிடோ இல்லை, இந்தியாவும் இல்லை.

முக்கோணவியல் படிக்கும் ஒவ்வொரு மாணவனும் 'சைன்' என்கிறான். இது எந்த மொழி எனப் பட்டியலைக் கேட்டால் இலத்தீன் என்னும்; 'சைனஸ்' என்றால் வளைவு, மடிப்பு, மார்பு என்னும். கோணத்தின் கணக்குக்கும் மார்புக்கும் என்ன உறவு? பட்டியலுக்குத் தெரியாது. வரலாற்றுக்குத் தெரியும். இந்தியக் கணித அறிஞர்கள் அவ்வளவையை ஜ்யா என்றும் ஜீவா என்றும் வடமொழியில் அழைத்தனர்; வில்லின் நாண் என்று பொருள். வட்டத்தின் வில்லை இணைக்கும் கோட்டை நாமும் இன்றுவரை நாண் என்றே வழங்குகிறோம். அரபு அறிஞர்கள் அச்சொல்லை மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்த்து 'ஜீபா' எனக் கொண்டனர். அரபு எழுத்தில் குற்றுயிர்க் குறிகள் இடப்படுவதில்லை என்பதை மதரஸாவில் ஓதிய எவரும் அறிவர். 12ஆம் நூற்றாண்டில் அதனை இலத்தீனாக்கியோர், பொருளில்லாத 'ஜீபா'வை, எழுத்தொப்புமையால் பொருளுள்ள 'ஜைப்' எனும் அரபுச் சொல்லாகப் படித்துவிட்டனர். ஜைப் என்றால் ஆடையின் மார்புப்புறத் திறப்பு, மடிப்பு. நாம் சட்டையில் ஜேபி என்கிறோமே, அதன் மூலமும் இதுவே. ஆகவே அதனை 'சைனஸ்' என்று பெயர்த்துவிட்டனர். இந்தியாவின் நாண், அரபியின் ஜேபியாகி, இலத்தீனின் மடிப்பாகி, ஆங்கிலத்தின் 'சைன்' ஆயிற்று. இச்சொல்லை இலத்தீன் வேரென்று மட்டும் சொல்வது, சென்னைக்கு வந்த கப்பலைச் சென்னையில் கட்டிய கப்பல் என்பது போலாகும்.

தனியான உதாரணமன்று இது. விகிதமுறா மூலத்தைக் குறிக்கும் 'சர்ட்' என்பதற்கு இலத்தீனில் செவிடு என்று பொருள். கிரேக்கர் அத்தகைய எண்ணை, சொல்லும் விகிதமும் அற்றது என்னும் பொருள்பட 'அலோகோஸ்' என்றனர். அரபு அறிஞர் அதனை 'அஸம்மு' என்று பெயர்த்தனர். செவிடு என்பது அதன் பொருள். இலத்தீனில் அதுவே மறுபடி பெயர்க்கப்பட்டது. கண்ணின் விழித்திரைக்கு 'ரெட்டினா' என்று பெயர். இலத்தீனில் வலை என்பதன் அடியாகப் பிறந்தது. அரபு மருத்துவர்கள் கிரேக்கக் கருத்தைத் தழுவி அதனை 'ஷபகிய்யா', அதாவது வலை போன்றது என்று வழங்கினர். அதன் இலத்தீன் மொழிபெயர்ப்பே 'ரெட்டினா'. மூளையைப் போர்த்திய உறைக்கு 'டியூரா மேட்டர்', கடினமான தாய், என்று பெயர் ஏன் வந்தது? ஒன்றைத் தாங்குவதையும் சூழ்வதையும் 'உம்மு', தாய், என்று உருவகித்தல் அரபு வழக்கு. மூளையின் தாய் என்ற அரபுத் தொடரை 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனாக்கியபோது தாய் என்ற சொல் அப்படியே ஒட்டிக்கொண்டது. உடல் இலத்தீன், உயிர் அரபு.

டொலிடோ நகரில் அமர்ந்து, 1187இல் மறையும்வரை, எழுபதுக்கு மேற்பட்ட அரபு நூல்களை இலத்தீனாக்கியவர் கிரெமோனாவின் ஜெரார்டு. தாலமியின் வானியல் நூலைத் தேடியே அவர் அங்குச் சென்றார் என்பர். கிரேக்கனின் நூலைக் கற்க ஓர் இத்தாலியன் அரபு படிக்க வேண்டியிருந்தது! அந்நூலுக்கு ஐரோப்பா இன்றுவரை வழங்கும் 'அல்மஜெஸ்ட்' எனும் பெயரில், மிகப்பெரியது எனும் கிரேக்கச் சொல்லின் தலையில் அரபின் 'அல்' அமர்ந்திருக்கிறது.

அணிவிக்கப்பட்ட சட்டைகள்

சில சொற்களுக்கு நேர்ந்தது இன்னும் விந்தையானது. அவை அரபாகவே பிறந்து, ஐரோப்பாவுக்கு வந்தபின் இலத்தீன் சட்டையும் கிரேக்கச் சட்டையும் அணிவிக்கப்பட்டவை.

9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, இந்திய எண்முறையைக் கொண்டு கணக்கிடும் முறையை விளக்கினார். அவர் பெயரே இலத்தீனில் திரிந்து அக்கணக்கு முறைக்குப் பெயராயிற்று; 'ஆல்கோரிஸம்' என்று வழங்கிற்று. பின்னர் வந்தோர் எண் எனும் பொருளுடைய கிரேக்க 'அரித்மோஸ்' இதில் இருக்கிறது போலும் என்று கருதி 'ஆல்கோரிதம்' ஆக்கினர். இன்று கணிப்பொறி உலகம் முழுதும் உச்சரிக்கும் அச்சொல் ஒரு முஸ்லிம் அறிஞரின் ஊர்ப்பெயர். குவாரிஸம் என்பது ஆரல் கடலுக்குத் தெற்கேயுள்ள நாடு. கடற்படைத் தலைவரைக் குறிக்கும் 'அட்மிரல்' என்பது அமீர் என்ற அரபுச் சொல்லே. வியத்தற்குரிய எனும் இலத்தீன் சொல்லோடு குழப்பிக்கொண்டதால் இடையில் ஒரு 'ட்' நுழைந்தது. பட்டியல் பயின்ற மாணவன் இச்சொல்லைப் பிரித்தால் 'அட்' என்றால் நோக்கி, 'மிர்' என்றால் வியப்பு என்பான். அப்படியானால் அமீர் எங்கே போனார்?

'ஆப்ரிகாட்' எனும் பழத்தின் கதை இதற்கு நேர்மாறு. முன்னதாகப் பழுப்பது எனும் பொருளில் அது இலத்தீனில் தோன்றி, கிரேக்கத்துக்குப் போய், அரபில் 'அல்பர்கூக்' ஆகி, ஸ்பானியர் வாயிலாக மீண்டும் மேற்கே வந்தது. இலத்தீன் வேர்தான், ஆயினும் அந்த வேர் அரபு மண்ணில் ஊன்றித் தழைத்தபின்பே ஆங்கிலத்துக்குக் கனி தந்தது.

நமக்கும் ஒரு சொல்

இவ்வளவும் எழுதியதைக் கண்டு, ஆங்கிலமெல்லாம் அரபே, அறிவெல்லாம் நம்மவர் தந்ததே என்று மார்தட்ட முனைவோர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கும் ஒன்று கூறியாக வேண்டும். அது பட்டியலை எதிர்ப்பதாகாது, எதிர்ப்பட்டியல் எழுதுவதாகும். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்னும் கிறிஸ்தவ அறிஞர் 873இல் மறையும்வரை கிரேக்க மருத்துவ நூல்களை அரபிலும் சிரியாக்கிலும் பெயர்த்துத் தந்திராவிடில் அரபு மருத்துவம் அத்துணை விரைவில் வளர்ந்திராது. இப்னு சீனா தம் பெரும் மருத்துவ நூலுக்கு இட்ட 'கானூன்' என்ற பெயரே, அளவுகோல், விதி எனும் பொருள் கொண்ட கிரேக்கச் சொல். தீனார் இலத்தீன் 'தெனாரியஸ்' வழியது. திர்ஹம் கிரேக்க 'திராக்மா' வழியது. இரு நாணயங்களும் திருமறையிலேயே இடம்பெறுகின்றன. அரபுக்கு வந்த அயற்சொற்களை முன்னோர் மறைக்கவில்லை. 'முஅர்ரப்' என்று பெயரிட்டு ஆராய்ந்தனர். 1505இல் மறைந்த இமாம் சுயூத்தி, திருமறையில் இடம்பெறும் அத்தகைய சொற்களைப் பற்றித் தனி நூலே இயற்றினார். கடனை ஒப்புவது சிறுமையென்று அவர் கருதவில்லை.

ஒலியை மட்டும் கேட்டு உறவு கொண்டாடும் தமிழன்பர்க்கும் இது பொருந்தும். ஆங்கில 'எயிட்' நம் எட்டைப் போல ஒலிக்கிறது. ஆனால் அது இலத்தீன் 'ஆக்டோ', வடமொழி 'அஷ்ட' ஆகியவற்றின் உடன்பிறப்பு. தமிழ் எட்டுக்கும் அதற்கும் உறவில்லை. பிறர் மறைத்ததை வெளிப்படுத்தும் உரிமை, தாம் மறைக்காதவர்க்கே உண்டு.

மறுப்பும் விடையும்

அரபியர் கிரேக்க அறிவைப் பத்திரமாகக் காத்துத் திருப்பித் தந்த காவலர்தாமே. காவலரின் பெயரை ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்போர் உண்டு. நாணை 'சைன்' ஆக்கிய கதையில் கிரேக்கச் சொல் எங்கே இருக்கிறது? 'அல்ஜீப்ரா' எனும் கலைக்குக் கிரேக்கப் பெயர் ஏது? ஒன்றுமில்லை எனும் பொருளுடைய அரபு 'ஸிஃப்ர்' ஃபிபனாச்சியின் 1202ஆம் ஆண்டு நூலில் இலத்தீன் வடிவம் பெற்று, பின் 'ஸீரோ' ஆனதே, அதைக் காத்துத் தரக் கிரேக்கரிடம் பெற்றது யார்? காவலர் என்பது பாதி உண்மை. பட்டியல் காட்டும் வேரைப் போலவே.

தேர்வு நெருங்கும் வேளையில் வரலாறு சொல்லிக்கொண்டிருக்க நேரமேது என்பது மற்றொரு மறுப்பு. நியாயமான கேள்வி. ஆனால் கதையில்லாத நூறு வேர்களை மாணவன் பதினைந்தே நாளில் மறந்துவிட்டு மீண்டும் உருப்போடுகிறானே, அந்நேரம் யார் கணக்கில் எழுதப்படுகிறது? 'வாக்சின்' என்பதன் வேர் இலத்தீனில் பசு என்று மட்டும் சொன்னால் அது விடுகதை. 1796இல் எட்வர்டு ஜென்னர், பசுவம்மை கண்ட பால்காரப் பெண்ணின் கொப்புளத்திலிருந்து எடுத்ததை ஒரு சிறுவனுக்குச் செலுத்தி, அவன் பெரியம்மையினின்று காப்புற்றதைக் கண்டார் என்று சொன்னால் அது பாடம். அதற்கு முன்பே, 1717இல், துருக்கியர் நாட்டில் அம்மைப்பால் குத்தும் வழக்கத்தை மேரி வோர்ட்லி மாண்டேகு சீமாட்டி கண்டு இங்கிலாந்துக்கு எழுதினார் என்பதையும் சேர்த்தால் அது மறக்கவொண்ணாத பாடம். 2020இல் பெருந்தொற்று பரவியபின் அச்சொல்லைக் கேளாத வீடில்லை. இரண்டு நிமிடத்தில் முடியும் இக்கதைக்கா நேரமில்லை?

செய்ய வேண்டுவன

குறை கூறியதோடு நிறுத்திக்கொள்வது முறையன்று. சொல்லைப் பிரித்தறியும் கலை நமக்குப் புதியதுமன்று. பவணந்தியார் நன்னூலில் பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்பாகப் பிரித்துக் காட்டியுள்ளார். எட்டாம் வகுப்பு மாணவனும் 'நடந்தான்' என்பதைப் பிரித்து எழுதுகிறான். அவனிடம் 'இன்ஸ்பெக்டர்' என்பதைத் தந்து, இதில் பகுதி எது, விகுதி எது என்று தமிழிலேயே கேளுங்கள். 'ஸ்பெக்ட்' பகுதி; 'ஆர்' செய்பவனைக் குறிக்கும் விகுதி; 'இன்' மட்டும் புதியது; தமிழில் அரிதான முன்னொட்டு அது என்று விளக்குங்கள். அரபு ஓதும் பிள்ளைக்கு இன்னொரு வாயிலும் உண்டு. க-த-ப எனும் மூன்றெழுத்திலிருந்து கிதாபும் காதிபும் மக்தபும் பிறப்பதை அவன் அறிவான். தமிழ் பின்னால் ஒட்டும். இலத்தீன் முன்னும் பின்னும் ஒட்டும். அரபு உள்ளே உயிரை மாற்றும். இம்மூன்றையும் அருகருகே வைத்துக் கற்ற பிள்ளை எந்த மொழியின் சொல்லைக் கண்டும் அஞ்சமாட்டான். தாய்மொழியில் கற்ற இலக்கணத்தை ஆங்கில வகுப்பின் வாசலில் கழற்றி வைக்கச் சொல்லும் நம் வழக்கமே அவனை ஏழையாக்குகிறது.

ஆசிரியப் பெருமக்களிடம் நாம் வேண்டுவது மூன்று. ஒரு வாரத்துக்கு ஐந்து வேருக்கு மேல் கற்பிக்க வேண்டாம். ஒவ்வொரு வேருக்கும் அது பொருந்தாத சொல் ஒன்றையேனும் சேர்த்துக் காட்டுக. ஒவ்வொரு சொல்லுக்கும் எம்மொழிச் சொல் என்பதோடு எவ்வழி வந்தது என்பதையும் கேட்கப் பழக்குக.

அப்படிக் கேட்கப் பழகிய மாணவன் ஒருநாள் 'ஜிஞ்ஜர்' என்ற சொல்லண்டை வருவான். பட்டியல் அவனிடம் இலத்தீன் 'ஜிங்கிபெர்' என்னும், மேலே போனால் கிரேக்க 'ஜிங்கிபெரிஸ்' என்னும், அதோடு நின்றுவிடும். அவன் நிற்கமாட்டான். கிரேக்கருக்கு அது இந்திய வணிகத்தின் வழியே போயிற்று என்பதையும், பாலி மொழியில் 'சிங்கிவேர' என்று வழங்கியதையும் காண்பான். வடமொழியாளர் அதற்குக் கொம்பு என்று பொருள் கற்பித்ததையும், அதன் அடியில் இருப்பது இஞ்சியும் வேரும் இணைந்த திராவிடச் சொல்லே என்று மொழியறிஞர் பலர் முடிவு கட்டியதையும் அறிவான். திருமறையில் சுவர்க்கத்துப் பானத்தின் கலவையாகக் கூறப்படும் ஸன்ஜபீலும் இதே சொல்லின் மற்றொரு கிளை என்று உணர்வான். இலத்தீன் வேர், கிரேக்க வேர் என்று தான் உருப்போட்ட அதனுள்ளே தமிழின் 'வேர்' என்னும் சொல்லே ஒளிந்திருந்ததை அன்று அவன் கண்டுகொள்வான். அந்த வியப்பை நம் பிள்ளைகளிடமிருந்து பறிக்கும் பட்டியல்களை இனியும் நாம் காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் எண்ணிப் பார்ப்பாராக.